பச்சை அட்டையும் பச்சைத் தண்ணியும்

1

நேற்றுக் காலை எனக்குப் பிரித்துக் கொடுத்த பதினான்கு அறைகளில் ஒன்பது அறைக் கதவுகளில் பச்சை அட்டை தொங்கியது.

அட்டை என்றால் கையகல மட்டை. ஒரு இலைப் படம். அதற்குக் கீழே, "இன்று என் அறையைத் துப்பரவு செய்ய வேண்டாம், நான் பூமியை நேசிக்கிறேன்" என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். விருந்தாளி அதை வெளிக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் நான் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் மிச்சம், சவர்க்காரம் மிச்சம், கரண்ட் மிச்சம். அதோடு என் சம்பள மணித்தியாலமும் மிச்சம். ஒன்பது அட்டை தொங்கினால் பதினொரு மணிக்கே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று நாள் பூமியை நேசித்துவிட்டு நாலாம் நாள் அட்டையை எடுப்பார்கள் பாருங்கள், அன்றைக்கு உள்ளே மூன்று நாள் முடி, மூன்று நாள் காலைச் சாப்பாட்டுப் பாண் தூள், மூன்று நாள் ஈரத் துவாய். அதை ஒரு நாள் அறைக்குத் தருகிற நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

சுவிஸில் பேர்ன் பக்கத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கிற ஹோட்டல் இது. இருபத்திரண்டு வருஷமாக இங்கே அறை துடைக்கிறேன். கீழே துவைக்கிற அறையில் ராணியக்கா இருக்கிறார், பருத்தித்துறைக்காரி. நான் பதினொரு மணிக்கு இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, "பச்சை எண்டா அவைக்கு மரம், எங்களுக்கு மணித்தியாலக் குறைப்பு. விளங்குதே மகேசு?" என்றார்.

ராணியக்கா வாயில் வருவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆட்கள் சொல்வதுதான் எனக்குப் புத்தகம். எழுதப் பழகியதும் அப்படித்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனைத் திறந்தால் தங்கச்சி செல்வி அனுப்பிய படம். மாத்தளையிலிருந்து எல்கடுவ போகிற பாதையில் இருக்கிற எங்கள் அப்பா வீட்டு வாசல். என் மகள் நிரஞ்சனா ஈர்க்குமாறு பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீழே செல்வி, "மூணு ரூமும் ஃபுல் அக்கா" என்று எழுதியிருந்தாள்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பார்த்து ஊரில் இருப்பவர்கள் ஏங்குவதாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் இங்கேயிருந்து ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அதுவும் கூடப் பிறந்தவளைப் பார்த்து. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

2

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வேலை முடிந்த கையோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வந்து கட்டிய வீடு அது. பின்னால் மிளகுக்கொடி, இரண்டு கிராம்பு மரம், ஒரு சாதிக்காய் மரம். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் உறுதிப் பத்திரம் எழுதி வைத்துவிட்டுப் போனார். நான் வெளிநாட்டுக்கு வந்தேன், செல்வி வீட்டில் இருந்தாள். அப்போதெல்லாம் பாவம், அவள்தான் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று அறைகளை வெள்ளையடித்து விருந்தாளிகளுக்கு விடப் போகிறேன் என்றாள். நான் அனுபவசாலி இல்லையா? போனிலேயே வகுப்பெடுத்தேன். ஏசி இல்லாமல் ஒருத்தரும் வர மாட்டார்கள். குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வர வேண்டும். ஒவ்வொரு அறையிலும் இரண்டு தண்ணிப் போத்தல், குட்டிக் குட்டிப் பையில் ஷாம்பு, சவர்க்காரம். கேட்டுக்கொண்டே இருந்தாள். கொழும்பில் இருக்கிற என் கொழுந்தனார் மூலமாக ஒரு கீசரும் வாங்கி அனுப்பினேன்.

ஒன்றும் செய்யவில்லை. மேட்டில் இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, மோட்டார் இல்லாமல் தண்ணி தானாக இறங்கி வருகிற மாதிரி வைத்தாள். சுடுதண்ணி வேண்டுமானால் கேட்க வேண்டும். மிளகுக்கொடி ஏறுகிற மரங்களைக் கவாத்துப் பண்ணும்போது விழுகிற கம்பை எரித்து ஒரு வாளி சூடாக்கிக் கொடுப்பாள். குடிக்கிறதுக்கு ஆறவைத்த தண்ணி, மண் கூஜாவில். குளித்த தண்ணி வாழைக்குப் போகிறது. மரக்கறி தம்புள்ளைச் சந்தை லொறியில் வருவதை வாங்குவதில்லை. லயத்துப் பெண்கள் வாசலில் வளர்க்கிற கீரை, பீர்க்கு, பொலஸ் என்கிற பிஞ்சுப் பலா என்று அன்றன்றைக்குக் கிடைத்ததைத்தான் சமைப்பாள். "இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று விருந்தாளி கேட்டால், "இன்னும் யாரும் கொண்டு வரல" என்பாள்.

கீசர் இன்னும் பெட்டியோடு இருக்கிறது. போன தடவை பார்த்தேன், அதன் மேல் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் போனேன். வீடு நிறைய ஆட்கள். செல்வி ஒரு ஒல்லாந்துத் தம்பதிக்கு அட்டைக் கடிக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இங்கிலீஷில் வினைச்சொல்லே கிடையாது. அவர்கள் அவள் சொன்னதெல்லாம் விளங்கித் தலையாட்டினார்கள். நான் ஜெர்மன் படிக்க மூன்று வருஷம் பின்னேர வகுப்புக்குப் போனவள், சோதனையும் எழுதியவள். இங்கே நான் வாயைத் திறந்தால், "என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்பார்கள்.

புறப்படுகிற அன்று காலையில் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் சூட்கேஸ் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இதை நீங்க திரும்பக் கொண்டு போகணும்."

திறந்து பார்த்தேன். நான் கொண்டுவந்த சொக்லட் உறைகள், ஷாம்புப் போத்தல், முகக் கிறீம் டப்பா, பவுடர் பால் பை. எல்லாம் கழுவிக் காயவைத்து, மடித்து.

விருந்தாளிகளுக்கு அவள் வைத்திருக்கிற சட்டம் எனக்குத் தெரியும். மக்காத சாமானை யார் கொண்டுவந்தாலும் அவர்களே திருப்பி எடுத்துப் போக வேண்டும். குப்பை ட்ராக்டர் அந்தப் பாதையில் ஏறுவதில்லை. எரித்தால் புகை லயத்துப் பக்கம் போகும், ஆற்றில் போட்டால் கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணி. சட்டம் நல்ல சட்டம்தான்.

"எனக்குமாடி இந்தச் சட்டம்? நான் என்ன ரூம் எடுத்துத் தங்குற வெள்ளைக்காரியா?"

"இல்லக்கா..."

"இது என் அப்பா வீடும்தான்."

"தெரியுங்கக்கா. ஆனா பிளாஸ்டிக்குக்கு அக்கா தங்கச்சி தெரியாதே."

கோபத்தோடு கொப்பியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன். நல்லாச் சொன்னால் எதிரியாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். பையைச் சூட்கேஸில் வைத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வந்து சேர்ந்தேன். அப்பா வீட்டிலிருந்து மிளகு கொண்டு வருவார்கள், கிராம்பு கொண்டு வருவார்கள். நான் மட்டும் எட்டாயிரம் கிலோமீட்டர் குப்பையைக் கொண்டு வந்தேன். இங்கே சுங்கத்தில் ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். "என்னுடையது" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஜெர்மன் வரவில்லை.

4

போன சித்திரையில் செல்வி குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, படம் பிடித்து அனுப்பினாள். அவளே பெயின்ட் அடித்து, இங்கிலீஷில் எழுதியது. "க்ரீன் வாட்டர் ஒன்லி. ஹாட் வாட்டர் ஆஸ்க் செல்வி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பச்சைத் தண்ணி மட்டும்தான் வரும் என்று சொல்லப் பார்த்திருக்கிறாள். சுட வைக்காத தண்ணியை நாம் பச்சைத் தண்ணி என்கிறோம், அவள் அப்படியே நிறத்தை எடுத்து எழுதிவிட்டாள். அதை வாசிக்கிறவன் பாசி பிடித்த தண்ணி என்றுதான் நினைப்பான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு பிழை விட்டிருக்கிறாள். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? உடனே போன் எடுத்தேன்.

"அடியே, க்ரீன்னா பச்சை நிறம்டி. கோல்டுன்னு எழுதணும். மானம் போகுது, கழட்டு."

"அப்படியாக்கா? ஆனா வர்றவங்க எல்லாம் அதுக்கு முன்னால நின்னு போட்டோ புடிச்சிட்டுப் போறாங்களே."

"சிரிக்கத்தான் புடிக்கிறாங்க."

"இல்லக்கா, கரண்ட் செலவில்லாத தண்ணிக்கு இந்த நாட்டுல க்ரீன் வாட்டர்னு பேரான்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்."

விருந்தாளிகள் இணையத்தில் எழுதுகிறார்கள் இல்லையா, அங்கேயும் அது ஏறிவிட்டது. "பச்சைத் தண்ணீரில் குளித்தோம், இரண்டு பேரும் அலறினோம், மறுநாளும் குளித்தோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்தப் படத்தை ஹோட்டலில் ராணியக்காவுக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எவ்வளவு அழகான சொல்! யார் கண்டுபிடித்தது?" என்றார். என் தங்கச்சி என்றேன். உங்கள் தங்கை சுற்றுச்சூழல் படித்தவரா, விடுதியை எப்படி நடத்துகிறார், குப்பைக்கு என்ன செய்கிறார் என்று நின்ற நிலையில் பத்துக் கேள்வி. இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "பன்னிரண்டாம் அறை முடிந்ததா?" என்பதுதான்.

அவர் போன பிறகு ராணியக்கா சொன்னார்: "நீ சரியாக் கதைச்சும் ஒருத்தரும் கேக்கேல்லை. அவள் பிழையா எழுதிப் பேர் வாங்கிட்டாள். உன்ர மூஞ்சியைக் கண்ணாடியில பார், வெள்ளைக்காரர் பொறாமைக்குச் சொல்லுற பச்சை உதுதான்."

5

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். நிரஞ்சனா விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பெற்றோரின் தொழில் பற்றி எழுதச் சொன்னபோது, அம்மா ஹோட்டல் அலுவலகத்தில் வேலை என்று எழுதினாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அதைப் படித்துக் காட்டினார். எங்கள் மேலாளரின் அலுவலகக் கதிரையை நானும் தினமும் துடைக்கிறேன்தானே, அதைச் சொல்லியிருப்பாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தன் கட்டில் துணியை ஒருநாளும் மடித்ததில்லை.

காப்புறுதி அலுவலகத்தில் தொழில் பழகி முடித்துவிட்டு, வேலைக்குச் சேருமுன் ஒரு மாசம் சித்தியிடம் போய்வருகிறேன் என்றாள். ஒரு மாசம் ஐந்து மாசமாகிவிட்டது. விசாவை நீட்டி நீட்டி அங்கேயே இருக்கிறாள். வேலைக்குக் கொடுத்த இடமும் போய்விட்டது. அங்கே அவள் மூன்று அறையையும் கூட்டுகிறாள், பாய் தட்டுகிறாள், பன்னிரண்டு கட்டில் துணியை ஆற்றோரக் கல்லில் காயப்போட்டு மடிக்கிறாள். என் வேலை! அதே வேலை! நான் செய்தால் டீச்சருக்குச் சொல்ல முடியாத வேலை, அவள் சித்தியோடு செய்தால் உலகத்துக்கே படம் போட்டுக் காட்டுகிற வேலை.

தமிழ் நன்றாக வந்துவிட்டது. அதிலும் எனக்கு ஒரு அடி விழுந்தது. இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு "நாங்க" எது, "நாம" எது என்று பிடிபடுவதில்லை. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல். "அம்மா, நீ வீட்டில இரு, நாம கடைக்குப் போறோம்" என்பாள், முன்னெல்லாம் எப்போதாவது தமிழ் வாயில் வந்தால். நான் திருத்தியதே இல்லை. பிழையாகவாவது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாளே என்று விட்டுவிடுவேன். இப்போது சித்தி திருத்திவிட்டாள்.

"நாங்க பிளாஸ்டிக் எடுக்க மாட்டோம்மா. நாங்க அடுத்த மாசம் மழைத்தண்ணித் தொட்டி கட்டப் போறோம்."

ஒவ்வொரு "நாங்க"வுக்குள்ளும் செல்வி இருக்கிறாள், நான் இல்லை. இலக்கணம் சரியாக இருக்கிறது.

6

போன மாசம் செல்வி ஒரு உதவி கேட்டாள்.

விடுதியை முறையாகப் பதிய வேண்டுமாம். உறுதியில் இரண்டு பேர் பெயர் இருப்பதால், மற்றச் சொந்தக்காரி சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட கடதாசி வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தில் முத்திரை குத்தி, அசலையே அனுப்ப வேண்டும். இந்த மாசக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு, சீசன் முழுக்க அறைகளைப் பூட்டி வைக்க வேண்டியதுதான். முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

என் மூளை முதலில் எங்கே போனது என்று எழுதுகிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. கடதாசி போகாவிட்டால் விடுதி நிற்கும். விடுதி நின்றால் நிரஞ்சனா திரும்பி வருவாள்.

சாக்குக்கும் பஞ்சமில்லை. உறுதியில் நான் பெ. மகேஸ்வரி. இங்கே பாஸ்போட்டிலும் அடையாள அட்டையிலும் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, என்னைத் திருமதி பெரியசாமி என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தனியாக ஒரு சத்தியக்கடதாசி வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நானும் நானும் ஒன்றுதான் என்று நானே சத்தியம் பண்ண வேண்டும். அதற்கு ஒரு வாரம் எடுத்தேன். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றேன். பிறகு தடிமன், மூக்கடைப்பு.

செல்வி ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. நிரஞ்சனாதான் கேட்டாள்.

முன்பு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள், நாலு நிமிஷம். இந்தக் கடதாசி வந்த பிறகு தினமும் எடுக்கிறாள். எனக்கு மத்தியானம், அவளுக்கு சாயங்காலத் தேத்தண்ணி நேரம். "அம்மா, தூதரகம் போனீங்களா?" என்று தொடங்குவாள். இல்லை என்றதும் என்னைச் சமாதானப்படுத்தக் கதை சொல்வாள். குரங்கு விருந்தாளியின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போன கதை, கிராம்பு பறிக்க ஏறி இறங்க முடியாமல் நின்ற கதை. ஒருநாள், "அம்மா, கட்டில் துணி மூலையை எப்படி மடிக்கிறது, எனக்கு வரவே மாட்டேங்குது, சொல்லுங்க" என்றாள். அரை மணித்தியாலம் போனைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காட்டினேன். பிள்ளை பிறந்து இருபத்தொரு வருஷத்தில் என்னிடம் ஒன்றைக் கற்றுக்கொடு என்று கேட்டது அன்றைக்குத்தான்.

ஐஸ் வைக்கிறாள் என்று தெரியாதா எனக்கு? தெரியும். இருந்தாலும் மத்தியானம் ஆனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கேட்டார். ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலை அவருக்கு, அதிகம் பேச மாட்டார். "போடுறதா இருந்தா போடு, இல்லாட்டி மாட்டேன்னு சொல்லு. எதுக்குப் புள்ளைய தொங்கல்ல வச்சிருக்க?"

நான் தொங்கலில் வைத்திருப்பது விடுதியை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

இன்றைக்கு லீவு. காலையில் ரயில் ஏறித் தூதரகம் போனேன். மூன்று வரிசை, இரண்டு ஜன்னல். ஜன்னலில் இருந்த தம்பி சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். மாத்தளைச் சிங்களம் கேட்டதும் சிரித்தார். விடுதி பற்றிக் கேட்டார். நல்லா நடத்துகிறாளா என்றார். இருக்கிறதிலேயே நல்ல விடுதி, அவளைப் போல யாராலும் நடத்த முடியாது என்றேன். பொறாமையில் இருப்பவள் சொன்னால் அது பொய்யாக இருக்காது. கையெழுத்துப் போட்டேன். இரண்டு முத்திரை விழுந்தது. அவ்வளவுதான், பத்து நிமிஷம். ஒரு மாசமாக நான் தள்ளிப்போட்ட வேலை.

பக்கத்துத் தெருவில் தபால் கந்தோர். கடதாசிகளை உறையில் போட்டு ஒட்டி, அப்பா வீட்டு விலாசத்தை மூன்று மொழியிலும் எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் தராசில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"விரைவுத் தபாலா, சாதாரணமா?"

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

"விரைவு என்றால் நாலு நாள். சாதாரணம் பத்து, பன்னிரண்டு."

மாசம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. விரலை மடித்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். விடுதிக்கு ஒரு சேதமும் வராது.

"சாதாரணம்" என்றேன்.

வெளியே வந்து படியில் நிற்கும்போது போன் அடித்தது. நிரஞ்சனா. பின்னால் செல்வி யாருக்கோ வினைச்சொல் இல்லாமல் வழி சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அம்மா, இன்னைக்காவது தூதரகம் போனீங்களா?"

"இல்லம்மா. இன்னைக்கு முடியல."

"ஐயோ, என்னம்மா நீங்க!" பிறகு, "சரி, நாளைக்கு இதே நேரம் எடுக்கிறேன். போனை எடுங்க, என்ன?" என்றாள்.

"எடுக்கிறேன்" என்றேன்.